வார்த்தைக்குப் பதில் பாட்டு

லண்டனிலிருந்து சினிமாக்காரர்கள் முதன்முதலாக எங்கள் ஊர் ஸ்கெல்பிக்கு வந்தபோது நோரீன் ஹாக்ஸ்பி அவர்களைத் தன் வீட்டு வாசற்படி ஏறவிடவில்லை. நேராக எங்கள் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பதினாலாம் நம்பர் பஸ் வந்து திரும்புகிற இடத்துக்கு எதிரே நானும் என் கணவர் ஃப்ராங்கும் நடத்துகிற மீன் வறுவல் கடை அது.

“இங்கயே பேசுங்க. மார்லீனும் பக்கத்துல இருக்கட்டும். நாளைக்கு நீங்க அப்படிச் சொல்லவே இல்லன்னா எனக்கு ஒரு சாட்சி வேணும்,” என்றாள்.

மார்லீன் நான்தான். மாவு ஒட்டிய கையோடு போய் உட்கார்ந்தேன்.

வந்தவர்களில் முக்கியமானவள் இமோஜன் என்ற தயாரிப்பாளர். முப்பது வயதிருக்கும். வடக்கே போனால் எல்லாம் சேறு என்று யாரோ பயமுறுத்தி அனுப்பியிருக்கவேண்டும். முழங்கால்வரை புத்தம்புது ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். எங்கள் தெரு தார் ரோடு. பட்டாணி மசியலை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு “அற்புதம்!” என்றாள். நோரீன் என்னைப் பார்த்தாள். பட்டாணி மசியலை அற்புதம் என்று சொல்கிறவளை எப்படி நம்புவது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

“உங்க கதை இந்த நாட்டுக்கே தேவை, நோரீன். ஜனங்க அழுதுகிட்டே சிரிக்கணும். வெளிய வரும்போது மனசு லேசாகி வரணும்,” என்றாள் இமோஜன்.

“எனக்கு வேலை போச்சு. அதுல யாருக்கு மனசு லேசாகும்?”

“அதான் திரும்பக் கிடைச்சிடுச்சே! அதுதானே அழகு!”

நடந்தது இதுதான். அவர்கள் வருவதற்கு ஒரு வருடம் முன்னால், ஒரு குளிர்காலத்தில், பஸ் கம்பெனி பதினாலாம் நம்பரை நிறுத்திவிட்டது. துறைமுகத்திலிருந்து கிளம்பி, குன்றின் மேலே இருக்கிற நார்த் எண்ட் குடியிருப்புக்கு ஏறி, சர்ச் ஸ்ட்ரீட் இறக்கம் வழியாக ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ். நார்த் எண்டில் ஒரு கடை கிடையாது, டாக்டர் கிடையாது. பாதிப் பேரிடம் கார் கிடையாது. அந்த வழியில் நோரீன்தான் பல வருடமாக டிரைவர். நிறுத்திவிட்டோம் என்று கம்பெனி சொன்ன பிறகு வந்த திங்கட்கிழமை காலையில் அவள் வழக்கம்போல டெப்போவுக்குப் போனாள், வண்டியை எடுத்தாள், ஓட்டினாள். யாரிடமும் டிக்கெட்டுக்குக் காசு வாங்கவில்லை. கிட்டத்தட்ட இரண்டு வாரம் அப்படி ஓடியது.

சாவியை எடுத்துக் கொடுத்தவள் ஜாய்ஸ் டில். டெப்போ அலுவலகத்தில் எந்த வண்டி எங்கே போகிறது என்று பலகையில் எழுதுவது அவள் வேலை. நோரீனின் வண்டிக்கு நேராக ‘பழுது பார்ப்பில்’ என்று எழுதிவைத்தாள். இருவரும் பள்ளிக்கூட நாளிலிருந்தே சேர்ந்து திரிந்தவர்கள். சனிக்கிழமை சேர்ந்து பிங்கோ ஆடுவார்கள், வருடத்துக்கு ஒருமுறை ஸ்பெயினுக்குச் சேர்ந்து போய் வெயிலில் தோலுரிந்து திரும்புவார்கள்.

இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை காலையில், எங்கள் கடைக்கு எதிரே, மேனேஜரும் இரண்டு போலீஸ்காரர்களும் நின்றார்கள். நோரீன் வண்டியைவிட்டு இறங்கிச் சாவியைக் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்துப் பத்திரிகை போட்டோகிராபரும் அங்கே இருந்தார். கடற்காற்றுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தாள். படத்தில் சிரிக்கிற மாதிரி விழுந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சாவி கொடுத்த பெண்மணி என்று நாடு பூராவும் பேச்சு. வேலை போயிற்று, பிறகு ஊர் கூடிக் கையெழுத்து வாங்கி, கொடி பிடித்து, நகரசபை இறங்கிவந்து, பஸ்ஸும் திரும்பியது, நோரீனின் வேலையும் திரும்பியது.

ஜாய்ஸின் வேலை மட்டும் போகவே இல்லை. அதுதான் எல்லோருக்கும் உறுத்தியது. சாவி கொடுத்தவளை ஒரு நாள்கூட வீட்டுக்கு அனுப்பவில்லை என்றால் என்ன அர்த்தம்? கம்பெனிக்குப் போன் போட்டுச் சொன்னது அவள்தான் என்று நோரீன் முடிவு கட்டினாள். நோரீன் முடிவு கட்டியதை ஊரும் கட்டியது, நானும் கட்டினேன். ஜாய்ஸ் எங்கள் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டு, ஊரின் மறுகோடியில் இருக்கிற கடையில் மீன் வாங்கப் போனாள். அந்தக் கடையில் எண்ணெய் மாற்றுவதே கிடையாது.

இதையெல்லாம் இமோஜனிடம் சொன்னோம். ஜாய்ஸ் கதை வந்ததும் அவள் பூட்ஸைச் சேர்த்துவைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஓ. இதுதான் படத்தோட இதயம்,” என்றாள்.

“இதயமெல்லாம் இல்ல, கண்ணு. காட்டிக்கொடுத்தா, அவ்வளவுதான்,” என்றாள் நோரீன்.

தொழிற்சங்க வக்கீல் ஒருவரைப் பிடித்து நோரீன் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தாள்: படத்தில் நோரீனாக வருகிறவள் பேசுகிற எந்த வசனத்தையும், தான் அப்படிப் பேசவில்லை என்று நோரீன் சொன்னால், எடுத்துவிடவேண்டும். வசனப் பக்கங்கள் தபாலில் வர வர, சிவப்புப் பேனாவோடு எங்கள் கடை மூலை மேஜையில் உட்கார்ந்து அடித்துக்கொண்டே இருப்பாள்.

“‘இந்த பஸ் வெறும் பஸ் இல்ல, இது ஒரு கனவு.’ பாரு மார்லீன். நான் ஜென்மத்துல இப்படிப் பேசியிருக்கேனா?”

“பஸ்ஸத் திட்டித்தான் பேசியிருக்க.”

கடைசிப் பகுதியில் கடற்கரையில் இரண்டு சிநேகிதிகளும் சந்திக்கிற காட்சி இருந்தது. ஜாய்ஸ் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மறுத்துவிட்டதால் படத்தில் அவள் பெயர் ஜூன். ‘உன்னை மன்னித்துவிட்டேன், ஜூன்,’ என்று ஆரம்பித்து ஒரு பக்கம் நீளத்துக்கு நோரீன் பேசுவதாக எழுதியிருந்தது. நோரீன் குறுக்கே ஒரே கோடாகப் போட்டுக் காகிதத்தைக் கிழித்தேவிட்டாள்.

அன்றைக்கே இமோஜனிடமிருந்து போன் வந்தது. கடைப் போனில்தான். நோரீன் கேட்டுக்கொண்டே இருந்தாள், பிறகு வைத்தாள். அவள் முகம் சரியாக இல்லை.

“என்னவாம்?”

“எடுத்துடறாங்களாம். எல்லா வார்த்தையையும். ‘கவலையே படாதீங்க’ங்கறா.”

“நல்லதுதானே?”

“ஒரு சண்டை இல்ல, ஒரு முணுமுணுப்பு இல்ல. இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டா எங்கயோ இடிக்குது மார்லீன்.”

படம் முடிந்ததும் எங்கள் ஊர் பாலஸ் தியேட்டரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்களுக்கென்று போட்டுக் காட்டினார்கள். நார்த் எண்ட் மொத்தமும் நல்ல கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தது. நானும் நோரீனும் நடுவில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் சில வரிசை தள்ளி, ஓரத்தில், தனியாக ஜாய்ஸ்.

பஸ் டெப்போவைவிட்டுக் கிளம்பியதும் முதல் பாட்டு வந்தது. கல்யாணங்களில் முட்டிவலிக்காரர்கள்கூட எழுந்து ஆடுகிற ஒரு டிஸ்கோ பாட்டு. தியேட்டரே காலால் தாளம் போட்டது. நன்றாகத்தான் இருந்தது. நார்த் எண்ட் ஜனங்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள், இன்னொரு பாட்டு. கொடியில் துணி காய்ந்தது, அதற்கு ஒரு பாட்டு. தொலைக்காட்சியில் வெண்ணெய் விற்கிற அதே பாட்டு. ஒருத்தி டீ போட்டாள், அதற்கும் கிதார் அடித்துக்கொண்டு ஒருவன் வந்துவிட்டான்.

“என் வண்டில ரேடியோவே கிடையாது,” என்றாள் நோரீன் என் காதில்.

“படம்டி.”

“ஆஸ்பத்திரிக்குப் போற ஜனங்க அதுல ஒரு வார்த்த பேச மாட்டாங்க மார்லீன். மழைத் துடைப்பான் சத்தமும் இருமலும்தான் கேக்கும். அத ஏன் ஒரு நிமிஷம்கூடக் கேக்க விடமாட்டேங்கறாங்க?”

பின்வரிசைக்காரர் உஸ் என்றார்.

பிறகு போலீஸ் துரத்துகிற காட்சி. நிஜத்தில் யாரும் துரத்தவில்லை. பஸ்ஸை எதற்குத் துரத்த வேண்டும், நின்று நின்றுதானே போகும். படத்தில் போலீஸ் கார் கோழிகளுக்கு நடுவே பாய்ந்தது, பஸ் சந்தைக்குள் புகுந்தது, முட்டைக்கோஸ் உருண்டது. அதற்கு ஒரு துள்ளல் பாட்டைப் போட்டிருந்தார்கள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தபடியே திரும்பினால், நோரீன் இரண்டு கையையும் மடியில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது அவள் கணவன் கென்னுக்குப் பிடித்த பாட்டு. அவனை எரிக்கக் கொண்டுபோன அன்று, சவப்பெட்டியை மறைத்துத் திரை மூடும்போது, அந்தப் பாட்டைத்தான் போடச் சொல்லியிருந்தாள்.

“இது அவங்களுக்குத் தெரியாது நோரீன்,” என்றேன்.

“தெரியாதுதான். எதத்தான் தெரிஞ்சு போட்டிருக்காங்க?”

கடைசியில் அந்தக் கடற்கரை. இரண்டு நடிகைகளும் எதிரெதிரே நடந்துவந்தார்கள். வாய் திறக்கவில்லை. மெதுவாக ஒரு பியானோ. அதன்மேல் ஒரு பாடகனின் கரகரத்த குரல். எழுபதுகளில் பிறந்தவர்கள், அதற்கு முன்னால் பிறந்தவர்கள், எல்லோருக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம். போனதெல்லாம் போகட்டும், நீ திரும்பி வந்தால் போதும் என்கிற மாதிரி ஒரு பாட்டு. பாட்டு எழும்ப எழும்ப இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தியேட்டர் முழுக்க மூக்கு உறிஞ்சுகிற சத்தம். எனக்கும் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. எதற்கு அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை, அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் எனக்கு அப்படித்தான் வரும். நோரீன் அழவில்லை. அவள் முன்னால் ஜாய்ஸ் இருந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாய்ஸின் தோள்கள் குலுங்கின.

விளக்கு வந்ததும் நோரீன் நேராக வெளிக்கூடத்துக்குப் போய் இமோஜனைப் பிடித்தாள்.

“அந்தக் கட்டிப்பிடிக்கறது எங்கேருந்து வந்துச்சு?”

“அழகா வந்திருக்கு இல்ல?”

“அத நான் அடிச்சுட்டேனே.”

“நீங்க வசனத்ததானே அடிச்சீங்க. அதனாலதான் வசனமே வைக்கல. கவனிச்சீங்களா? நீங்க ஒரு வார்த்தகூடப் பேசல.”

“பாட்டுல இருக்கே வார்த்த!”

“அது பாட்டு, நோரீன். முப்பது வருஷமா எல்லாரும் பாடற பாட்டு. உங்களப் பத்தி எழுதினதில்ல.”

“நான் சொல்லமாட்டேன்னத அந்தப் பாட்டுக்காரன வச்சுச் சொல்ல வச்சிருக்கீங்க.”

இமோஜன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “பாட்டு இல்லாம போட்டுப் பார்த்தோம். ரெண்டு பொம்பளைங்க கடற்கரைல சும்மா நிக்கற மாதிரி இருந்துச்சு. ஒண்ணுமே தோணல. நெஜமா.”

“அப்ப அங்க ஒண்ணுமே இல்லன்னுதானே அர்த்தம்?”

அதற்குள் யாரோ வந்து இமோஜனுக்கு வாழ்த்துச் சொல்லி இழுத்துக்கொண்டு போனார்கள். நோரீன் கையை உதறிக்கொண்டு நின்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, மதியக் கூட்டம் ஓய்ந்தபிறகு, நோரீன் சீருடையோடு மூலை மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கதவு மணி அடித்தது. ஜாய்ஸ். எங்கள் கடைக்குள் மூன்று வருடம் கழித்து.

“மீன் இருக்கா மார்லீன்?” என்றாள். மீன் கடையில் வந்து கேட்கிற கேள்வியா அது.

“இருக்கு.”

ஆனால் அவள் கவுண்டருக்கு வரவில்லை. மேஜைக்குப் போனாள். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நோரீன். தேங்க்ஸ் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“எதுக்கு?”

“கடைசில அப்படி வைக்கச் சொன்னதுக்கு. நீயா வந்து சொல்லமாட்டேன்னு எனக்குத் தெரியும். ஆனா இப்படிச் சொல்லுவேன்னு நான் நினைக்கல.”

நோரீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். “நான் வைக்கச் சொன்னேனா?”

“பின்ன?”

“நீதான் அந்த பூட்ஸ்காரிய ரகசியமாப் புடிச்சு வேலை பார்த்திருக்கேன்னு ஞாயித்துக்கிழமைலேருந்து நான் கொதிச்சுக்கிட்டிருக்கேன்!”

“நானா? அவ வந்து என் வீட்டுக் கதவத் தட்டினப்ப நான் சோபாவுக்குப் பின்னால உக்காந்திருந்தேன்டி.”

இருவரும் ஒருவரையொருவர் பொய் சொல்கிறாளா என்று பார்த்தார்கள். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“யாரும் சொல்லல. அவங்களா வச்சுக்கிட்டாங்க,” என்றேன்.

ஜாய்ஸின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. அவளைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. “சரி. அப்ப நான் வரேன்,” என்று திரும்பினாள்.

“நில்லு. வந்தது வந்துட்ட. போன் பண்ணது நீதானே?” என்றாள் நோரீன்.

ஃப்ராங்க் கொதிக்கிற எண்ணெயில் மீனைப் போடப்போனவர் அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஆமா,” என்றாள் ஜாய்ஸ்.

“மூணு வருஷமா வாயத் திறக்கல!”

“நீ எப்பக் கேட்ட? டெப்போவுக்கு நேரா வந்து, எல்லார் முன்னாடியும் காட்டிக்கொடுத்தவன்னுட்டுப் போயிட்ட. அதுல கேள்வி எங்க இருந்துச்சு?”

“இப்பக் கேக்கறேன். ஏன்?”

“ஏன்னு உனக்குத் தெரியாதா நோரீன்?”

நோரீன் தட்டைத் தள்ளிவைத்தாள்.

“பழுது பார்ப்புல இருக்குன்னு எழுதி வச்சது நான். அப்படி எழுதின வண்டிய பட்டறைல யாரு தொடுவா? ஆளாளுக்கு வேற யாரோ பார்த்துக்கறாங்கன்னு விட்டுட்டாங்க. வியாழக்கிழம சாயங்காலம் வந்து நீதான் சொன்ன. சர்ச் ஸ்ட்ரீட் இறக்கத்துல பிரேக்க மிதிச்சா அடிவரைக்கும் போகுது, ரெண்டு மூணு தடவ மிதிச்சாத்தான் புடிக்குதுன்னு.”

“சொன்னேன்.”

“நிறுத்திடலாம்னேன். நீ என்ன சொன்ன? நாளைக்குப் பேப்பர்காரன் வரான், நாளை ஒரு நாள் ஓட்டிடறேன்ன. நார்த் எண்ட் டெபியோட புள்ளைங்க ரெண்டும் தினம் அந்த முன்சீட்டுலதான்டி உக்காரும்.”

இந்தக் கதையை நோரீன் இந்தக் கடையில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள், பத்திரிகைக்குச் சொல்லியிருக்கிறாள், இமோஜனுக்குச் சொல்லியிருக்கிறாள். பிரேக் என்ற சொல் ஒருமுறைகூட வந்ததில்லை.

“உனக்கு மட்டும் வேலை எப்படிப் போகாம இருந்துச்சு?” என்றேன் நான், கேட்காமல் இருக்க முடியாமல்.

“பிரேக் பார்க்காத வண்டி ரெண்டு வாரம் ரோட்டுல ஓடிச்சுன்னு வெளிய வந்தா அவங்களுக்குத்தான் அசிங்கம். நீ வாயத் திறக்காத, நாங்களும் உன்மேல கை வைக்கலைன்னாங்க. வாயத் திறக்கல.” ஜாய்ஸ் மீன் வாங்காமலே போய்விட்டாள்.

நோரீன் அடுத்த நடைக்கு நேரமாகும்வரை அப்படியே இருந்தாள். எழுந்திருக்கும்போது கேட்டாள்: “மார்லீன், பிரேக்கப் பத்தி உன்கிட்ட நான் சொல்லியிருக்கேனா?”

“இல்ல.”

“யார்கிட்டயாவது?”

“எனக்குத் தெரிஞ்சு இல்ல.”

“ம்,” என்றாள்.

படம் வெளியாகிற வாரம் இமோஜன் மறுபடி போன் செய்தாள். எங்கள் பகுதித் தொலைக்காட்சி கடற்கரையில் மேடை போட்டு ஒரு நிகழ்ச்சி நடத்துகிறதாம். நிஜ நோரீனும் நிஜ ஜூனும் சேர்ந்து வந்தால் பிரமாதமாக இருக்குமாம். நோரீன் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு கேட்டாள்.

“நேரடி ஒளிபரப்பா? அப்ப எதையும் வெட்ட முடியாதில்ல? சரி, வரோம்.”

பிறகு ஜாய்ஸ் வீட்டுக்கு அவளே நடந்துபோனாள். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பிவந்து, “அவ வரா. போன் பண்ணத அவளே சொல்றாளாம். மத்தது என் பாடு,” என்றாள்.

சனிக்கிழமை மதியம். கடற்கரைச் சுவரோரம் கூட்டம் நெரிந்தது. நார்த் எண்ட் ஆட்கள் முன்னால் நின்றார்கள். டெபியும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் எனக்குப் பக்கத்தில். அந்த நாளில் நோரீனுக்காகப் போராட்டப் பதாகை எழுதியவள் டெபிதான். ஆரஞ்சு நிறத்துக்குப் பவுடர் பூசிய ஒரு நிகழ்ச்சிக்காரர் மேடையில் துள்ளினார். இரண்டு பக்கமும் ஆளுயர ஒலிபெருக்கி.

“சிநேகிதம்னா இதுதான்! ஜாய்ஸ், மூணு வருஷம் கழிச்சு நோரீனப் பார்த்தப்ப என்ன தோணுச்சு?” என்று மைக்கை நீட்டினார்.

ஜாய்ஸ் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். “படத்துல இருக்கறது எதுவும் நடக்கல,” என்றாள். கூட்டம் சிரித்தது. “கம்பெனிக்குப் போன் பண்ணி பஸ்ஸ நிறுத்தினது நான்தான். வண்டில பிரேக் சரியா—”

நிகழ்ச்சிக்காரரின் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. கண் மட்டும் மேடைக்குக் கீழே யாரையோ தேடியது. கீழே இமோஜன் ஒலிப்பெட்டிக்காரரின் தோளைத் தட்டினாள். பியானோ எழுந்தது. அந்தக் கரகரத்த குரல் கடற்கரை முழுக்கப் பரவியது. ஜாய்ஸ் பேசிக்கொண்டேதான் இருந்தாள், உதடு அசைந்தது. நிகழ்ச்சிக்காரர் மைக்கை நைசாக எடுத்துக்கொண்டு இருவர் தோளிலும் கைபோட்டு ஒன்றாக அழுத்தினார். கூட்டம் கைதட்டியது, பிறகு கூடவே பாடத் தொடங்கியது. எல்லோருக்கும்தான் மனப்பாடமாயிற்றே.

கடையில் டிவி பார்த்துக்கொண்டிருந்த ஃப்ராங்க் அன்று மாலை நோரீனிடம் சொன்னார்: “ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சீங்களே, நல்லா இருந்துச்சு. ஜாய்ஸ் என்னமோ நன்றி சொன்னா போலிருக்கு.”

ஆனால் முன்னால் நின்றவர்களுக்குக் காதில் விழுந்திருந்தது. டெபி மேடை ஓரத்துக்குப் போய் நோரீனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

“என்ன சொன்னா அவ? பிரேக்கா?”

“ஆமா!” பாட்டுக்கு மேலே கத்தவேண்டியிருந்தது.

“என் புள்ளைங்க இருந்தப்பவா?”

“ஆமா!”

“உனக்குத் தெரியுமா?”

நோரீன் குனிந்து, டெபியின் காதுக்கு வெகு அருகில் வந்து, அப்போதும் கத்தித்தான் சொன்னாள். “தெரியும்! முந்தின நாளே தெரியும்! ஓட்டினேன்!”

டெபி அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் இரண்டையும் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள். சுற்றிலும் எல்லோரும் கையை மேலே தூக்கி அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

படம் நாடு முழுக்க நன்றாக ஓடியது. பதினாலாம் நம்பரில் ஏறவென்றே வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். ஏறியதும் அந்தப் பாட்டைப் பாட ஆரம்பிப்பார்கள். நோரீனைப் பார்த்து, நீங்களும் பாடுங்கள் என்பார்கள். அவள் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஆறாம் நம்பருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். பெயிண்ட் தொழிற்சாலைக்குப் போகிற பஸ் அது. காலையில் அதில் ஏறுகிறவர்களுக்குப் பாடுகிற தெம்பு இருக்காது.

அதற்கு முன்னால் அவள் செய்தது ஒன்று உண்டு. ஓய்வு நாட்களில் சீருடை இல்லாமல் நார்த் எண்டுக்கு நடந்தே ஏறி, அந்த வாரங்களில் தன் பஸ்ஸில் வந்தவர்கள் வீட்டுக் கதவையெல்லாம் தட்டினாள். ஜாய்ஸ் கேட் வரைக்கும் கூடப் போவாள், உள்ளே போகமாட்டாள். சிலர் டீ கொடுத்து, அதனால் என்ன, ஒன்றும் ஆகவில்லையே என்றார்கள். அதை நோரீனால் தாங்க முடியவில்லை. ஒருவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். டெபி திறக்கவே இல்லை. நோரீன் மூன்று முறை போனாள்.

ஜாய்ஸ் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கடைக்கு வர ஆரம்பித்தாள். இருவரும் மூலை மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கொஞ்சிக் குலாவினார்கள் என்று நினைக்கவேண்டாம். பாதி நாள் சண்டைதான்.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு போன் பண்ணியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா நீ சாவியத் தந்திருப்பியா? வண்டிய வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிருப்ப.”

“கம்பெனி கொடுத்த வேலைய மட்டும் நல்லாப் புடிச்சுக்கிட்ட.”

“ஆமாடி, புடிச்சுக்கிட்டேன். வாடகைய நீயா கட்டுவ?”

இப்படி ஒரு வெள்ளிக்கிழமை, வசந்தத்தில், டெபி கடைக்குள் வந்தாள். அவர்களைப் பார்த்ததும் வாசலில் ஒரு கணம் தயங்கினாள். பிறகு நேராகக் கவுண்டருக்கு வந்து மூன்று மீனும் சிப்ஸும் கேட்டாள். நோரீன் எழுந்து நின்றுவிட்டாள்.

“உக்காரு. நான் உன்கூடப் பேச வரல,” என்றாள் டெபி, திரும்பாமலே.

நோரீன் உட்கார்ந்தாள். நான் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். டெபி வினிகர் வேண்டாம் என்றாள், சில்லறையை எண்ணாமல் பையில் போட்டாள். கதவைத் திறந்துகொண்டு நின்றவள், தெருவைப் பார்த்தபடியே சொன்னாள்:

“நாளைக்குப் புள்ளைங்க ரெண்டும் பல் டாக்டர்கிட்டப் போகுதுங்க. ஆறாம் நம்பர்லதான் வரும்.”

கதவு மூடிக்கொண்டது.

“எதுக்கு இத என்கிட்ட சொல்லிட்டுப் போறா? நாளைக்கு அவ யார் கார்லயாவது பின்னாலயே வந்து பார்ப்பாளோ?” என்றாள் நோரீன்.

“வந்தா வரட்டும். சாப்பிடு, ஆறுது,” என்றாள் ஜாய்ஸ்.